மூச்சுப் பயிற்சியும் உறங்காத மலைநாடும்

அண்மைக் காலத்திலே நமது புத்தகக் கடைகளில் உறக்கத்தைப் பற்றிய நூல்கள் பெருகி வருகின்றன. மூச்சை இழுப்பது எப்படி, விடுவது எப்படி, எண்ணுவது எப்படி, எண்ணியவாறே கவலையை மறந்து கண்ணயர்வது எப்படி என்று இவை விளக்குகின்றன. கைப்பேசியைத் திறந்தால் மெல்லிய குரல் ஒன்று இதே பாடத்தை இரவுதோறும் நடத்துகிறது. அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் இதற்கெனப் பயிற்சி வகுப்புகள் நடைபெறுகின்றன. மூச்சைப் பற்றிய இவ்வெழுத்து இன்று தனி ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது எனலாம். அதற்கென ஒரு நடை உண்டு. சில வாய்பாடுகள் உண்டு. குறிப்பிட்ட ஒரு வாசகனும் உண்டு. கதையோ கவிதையோ அன்று என்பதால் விமரிசகன் இதனை ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. மக்கள் எதைப் படித்து, எதை நம்பித் தம் இரவுகளைக் கழிக்கின்றனர் என்பது இலக்கியத்துக்குப் புறம்பான செய்தியாகுமா?

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றை முதலிற் கூறிவிடுகிறோம். நுவரெலியா மாவட்டத்திலே, ஹோட்டன் சமவெளிக்குச் செல்லும் வழியில், பட்டிப்பொல என்னும் சிற்றூர் உள்ளது. இலங்கைப் புகையிரதப் பாதையில் மிக உயரத்தே அமைந்த நிலையம் அங்கேதான் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரம். அங்கு வரும் உல்லாசப் பயணிகள் நிலையத்தின் பெயர்ப்பலகை அருகே நின்று படம் பிடித்துக்கொள்வார்கள், நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, "என்ன தூய காற்று!" என்று வியப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர், அவ்வூருக்கு அண்மையில் உள்ள ஒரு மண்டபத்திலே தோட்டத்துப் பெண்களுக்காக மனவழுத்தம் தணிக்கும் மூச்சுப் பயிற்சி வகுப்பொன்று நடைபெற்றது. ஆசிரிய நண்பர் ஒருவர் அழைக்க, நாமும் சென்றிருந்தோம்.

பயிற்சி தர வந்தவர் நல்லவர், பொறுமையாகப் பேசினார். பெண்கள் பாய்களில் அமர்ந்தனர், கண்களை மூடினர், அவர் சொன்னபடி மூச்சை இழுத்து, நிறுத்தாமல், மெதுவாக விட்டனர். ஐந்து நிமிடங்கூட ஆகவில்லை. மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு பெண்மணி பக்கத்திலிருந்தவரின் தோளிலே சாய்ந்து உறங்கிவிட்டார். பின்னர் இன்னும் இரண்டு மூன்று தலைகள் சாய்ந்தன. பயிற்சியாளர் எம்மைப் பார்த்து மகிழ்ச்சியோடு, "பார்த்தீர்களா, பயிற்சி எவ்வளவு விரைவாகப் பலன் தருகிறது!" என்றார். வகுப்பு முடிந்ததும் அப்பெண்மணி வெட்கத்தோடு எழுந்து வந்து, "மன்னிச்சுக்கிருங்க சேர். காலையில நாலு மணிக்கு எந்திரிச்சது. ஒக்காந்தா கண்ணு சொருகிப் போகுது" என்று சொன்னார். பயிற்சியாளரிடம் அதற்கு மறுமொழி இல்லை.

அவர் கூறியதிலும் உண்மை இருந்தது. அப்பெண்மணி கூறியதிலும் உண்மை இருந்தது. இவ்விரண்டு உண்மைகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பார்ப்பதே நமது நோக்கம்.

முதலிலே நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வோம். மூச்சைக் கவனிக்கும் பயிற்சி பொய்யன்று. ஓய்வாக இருக்கும் வளர்ந்த ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை வரை மூச்சு விடுகிறார். அச்சமும் கவலையும் மிகும்போது மூச்சு மேலோட்டமாகவும் விரைவாகவும் ஓடுகிறது; இதயமும் உடன் விரைகிறது. இதயத் துடிப்பை நாம் நினைத்தபடி நிறுத்தவோ முடுக்கவோ முடியாது. மூச்சோ தானாகவும் இயங்குகிறது. நாம் விரும்பினால் நம் சொற்படியும் கேட்கிறது. ஆதலின் உடலின் தன்னியக்கத்துக்குள்ளே நுழைவதற்கு அது ஒரு வாயிலாகிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயம் சற்று விரைவதும், வெளிவிடும்போது சற்றுத் தணிவதும் இயல்பு. நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விட்டால், நிமிடத்துக்கு ஆறு மூச்சாகும். இந்த நிதானத்திலே, மூளையடியிலிருந்து இறங்கி இதயத்தையும் குடலையும் தொடும் வேகஸ் நரம்பின் அமைதிப்படுத்தும் தொழில் மேலோங்குகிறது. மனம் கடனையும் சண்டையையும் நாடி ஓடும்போதெல்லாம் அதனைக் கடிந்துகொள்ளாமல் மீண்டும் மூச்சுக்கே அழைத்து வருவது பயிற்சியின் மற்றொரு பாதி. உறங்கியே ஆகவேண்டும் என்று தம்மைத் தாமே நெருக்குபவருக்கு உறக்கம் வருவதில்லை. மூச்சின்மேல் வைக்கும் கவனம் அந்த நெருக்குதலைத் தளர்த்துகிறது.

ஆய்வுகளும் இதனை ஓரளவு உறுதிசெய்கின்றன. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்விலே, உறக்கக் குறைபாடுடைய 49 முதியோர் இரு பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு ஆறு வாரம் கருத்தூன்றும் பயிற்சியும், மற்றவர்க்கு உறக்கப் பழக்கங்கள் பற்றிய பாடமும் அளிக்கப்பட்டன. பயிற்சி பெற்றவர்களின் உறக்கமே கூடுதலாகச் சீர்பட்டது. எனினும் மூச்சுப் பயிற்சி எல்லா நோய்க்கும் மருந்தாகாது. உறக்கத்திலே மூச்சு தடைப்படும் நோயும், ஓயாத உடல்வலியும், ஆழ்ந்த மனச்சோர்வும் வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டியவை. ஆயினும் செலவற்ற ஒரு கருவி ஏழையின் கைக்கு எட்டுமாயின் அதனை இகழ்வதற்கு நாம் யார்?

உண்மையில் முற்போக்காளராகிய நாம் இதனை நெடுங்காலம் இகழ்ந்தே வந்தோம். மூச்சு என்றவுடன் காவியுடை என்று எண்ணினோம். தியானம் என்றவுடன் உலகத்தை விட்டு ஓடுதல் என்று எண்ணினோம். தொழிலாளியின் கூலியைப் பற்றிப் பேசினோம். அவன் உரிமைகளைப் பற்றிப் பேசினோம். இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடக்கும் அவன் உடலைப் பற்றிப் பேசினோமில்லை. நாம் விட்டுவைத்த அந்த இடத்திலேதான் இன்று விற்பனையாளன் வந்து கடை விரித்திருக்கிறான்.

இப்பொருளின் வரலாற்றைச் சற்றுப் பார்த்தல் பயன் தரும். தமிழிலே திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலே பிராணாயாமத்தைப் பற்றிப் பாடியுள்ளார். அங்கே மூச்சை அடக்குதல் வீடுபேற்றை நாடும் யோகியின் சாதனை. பௌத்தத்திலே, உள்ளே செல்லும் மூச்சையும் வெளியே வரும் மூச்சையும் வெறுமனே அறிந்திருக்கும் ஆனாபானஸதி என்னும் பயிற்சி துறவியின் நெறியாயிற்று. இரண்டும் ஆசையைக் குறைக்கும் வழிகளாகவே கற்பிக்கப்பட்டன. மறுநாள் வேலைக்கு ஆளைத் தயார்செய்து அனுப்பும் எண்ணம் இவற்றில் இல்லை.

'ஸதி' என்ற அப்பாலிச் சொல்லுக்கு இன்று உலகெங்கும் வழங்கும் 'மைன்ட்ஃபுல்னஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை 1881இல் தமது மொழிபெயர்ப்பிலே வழங்கி நிலைநிறுத்தியவர் ரைஸ் டேவிட்ஸ். அவர் அதற்கு முன்னர் இலங்கையிலே குடியேற்ற அரசின் நிருவாக அதிகாரியாகப் பணியாற்றியவர். பாலி மொழியை இத்தீவிலேயே கற்றவர். அவர் இங்கிருந்த அதே காலத்திலே, 1867ஆம் ஆண்டில், ஜேம்ஸ் டெய்லர் என்பவர் கண்டிச் சீமையின் லூல்கந்துர தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கால்நடையாக வந்த மக்கள் காடழித்து, கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் தம் உடலைக் கொடுத்தார்கள். இத்தீவிலே குடியேற்ற அதிகாரி கற்றுச் சென்ற மொழியிலிருந்து கவனத்துக்கு ஓர் ஆங்கிலச் சொல் பிறந்தது. அதே தீவில் தொழிலாளியின் கவனம் முழுவதும் கொழுந்துக் கூடைக்கு உரியதாயிற்று.

பின்னர் ஞானபொனிக தேரர் என்ற ஜெர்மன் நாட்டுத் துறவி இலங்கையில் வாழ்ந்து இப்பயிற்சியைப் பற்றி எழுதிய நூல், 1950களிலும் 1960களிலும் ஆங்கிலம் அறிந்த உலகெங்கும் பரவியது. கண்டியின் காட்டு ஆசிரமம் ஒன்றிலே அவர் நெடுங்காலம் வாழ்ந்தார். 1979இல் ஜோன் கபட்-சின் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியிலே, தீராத வலியால் வருந்துவோருக்கு ஒரு பயிற்சியாக இதனை அமைத்தார். துறவியின் நெறி நோயாளிக்கு உதவும் முறையாயிற்று. இம்மாற்றத்தை நாம் வரவேற்கலாம். அடுத்த மாற்றம் அத்தகையதன்று. 2021ஆம் ஆண்டிலே அமேசன் நிறுவனம் தன் பண்டகசாலைத் தொழிலாளர்க்கென, ஒருவர் மட்டும் நுழைந்து அமர்ந்து தியானப் படங்களைப் பார்க்கத்தக்க ஒரு சிறு கூண்டை அறிமுகம் செய்தது. 'அமசென்' என்று அதற்குப் பெயர். வேலையின் வேகத்தைக் குறைக்கும் எண்ணம் அதிலே இல்லை. வேகத்தைத் தாங்கும் மனத்தை உண்டாக்கும் எண்ணமே இருந்தது. உலகமே நகைத்ததும் அந்நிறுவனம் அதற்கான விளம்பரப் படத்தை மீட்டுக்கொண்டது. ரொனால்ட் பேர்சர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2019இலேயே ஒரு நூல் எழுதி இப்போக்கைக் கண்டித்திருந்தார். முதலாளித்துவத்தின் புதிய ஆன்மிகம் என்பது அவரது குற்றச்சாட்டு.

நமது மூச்சு நூல்களின் குறை இங்கேதான் இருக்கிறது. அவை கூறுவது பிழையென்று நாம் சொல்லவில்லை. கூறாமல் விடுவதையே சுட்டுகிறோம். அவற்றின் வாசகனை எண்ணிப் பாருங்கள். அவனுக்குத் தனி அறை உண்டு. விளக்கை அணைக்கும் உரிமை உண்டு. காலையில் எழும் நேரத்தை ஓரளவு தானே குறிக்க முடியும். அவனுக்கு இல்லாதது மன அமைதி ஒன்றே. இத்தகைய வாசகனை மனிதகுலம் முழுமைக்கும் பிரதிநிதியாக வைத்துக்கொண்டு எழுதும்போது, உறங்காதவன் எவனும் பயிற்சி செய்யாதவன் என்ற முடிவு தானாகவே வந்து சேர்கிறது. உறக்கமின்மை ஒழுக்கக் குறைவாகிவிடுகிறது. பழைய காலத்திலே வறுமைக்கு வினைப்பயன் காரணம் என்றார்கள். இன்று விழிப்புக்குப் பயிற்சிக் குறைவு காரணம் என்கிறார்கள். சொல் மாறியதேயன்றிப் பழி சுமப்பவன் மாறவில்லை.

உறக்கம் ஒரு பொருளாதாரப் பிரச்சினை என்பது புதிய கண்டுபிடிப்பன்று. லூல்கந்துரவில் தேயிலை பயிரான அதே 1867ஆம் ஆண்டில் மார்க்ஸின் 'மூலதனம்' முதற்பாகம் வெளிவந்தது. வேலைநாளைப் பற்றிய அதிகாரத்திலே, உடலைப் புதுப்பிக்கும் உறக்கத்தை மூலதனம் எவ்வாறு அரித்துத் தின்கிறது என்பதை அவர் தொழிற்சாலை அறிக்கைகளைக் கொண்டே காட்டினார். அதற்கு முன்னரே ரொபேட் ஓவன் எட்டு மணி வேலை, எட்டு மணி பொழுதுபோக்கு, எட்டு மணி ஓய்வு என்று நாளைப் பகுத்துக் காட்டினார். 1886இல் சிக்காகோத் தொழிலாளர் உயிர் கொடுத்ததும், 1919இல் சர்வதேசத் தொழில் தாபனம் தன் முதலாவது உடன்படிக்கையாக வேலை நேரத்துக்கு வரம்பு கட்டியதும் இந்தப் பகுப்பின் பொருட்டே. மே தினத்தை நாம் கூலிப் போராட்டத்தின் நாளாகவே நினைவுகூர்கிறோம். அது உறக்கத்துக்கான போராட்டமும் ஆகும்.

இனி மலைநாட்டின் இரவுக்கு வருவோம். பழைய லயக் காம்பரா ஒன்று பெரும்பாலும் பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி. முன்னே ஒரு சிறு விறாந்தை. வரிசையாக அடுத்தடுத்துக் காம்பராக்கள். சில லயங்களிலே முதுகோடு முதுகு ஒட்டியும் காம்பராக்கள். ஒரு வீட்டுக் குழந்தையின் இருமல் நான்கு வீட்டாரை எழுப்பும். அதே அறையில் அடுப்பும் எரியும். ஈர விறகின் புகை தகரத்தடியிலே சுழன்றுகொண்டிருக்கும். பட்டிப்பொலவின் உயரத்திலே காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். பயணி புகழ்ந்து இழுத்த காற்று வெளியே இருக்கிறது. குளிருக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொண்ட குடும்பம் உள்ளே இழுப்பது விறகுப் புகை. 'மூச்சைக் கவனி' என்பவர் எந்தக் காற்றை என்பதையும் கவனிக்க வேண்டாமா?

மழைக்காலத்திலோ இன்னோர் அச்சம் சேர்ந்துகொள்கிறது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்சரிவிலே புதைந்தன. அது ஆபத்தான இடம் என்ற எச்சரிக்கை முன்னரே இருந்தது. மக்கள் குடிபெயர்ந்து போவதற்கு வேறிடந்தான் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் மலைநாட்டை மீண்டும் உலுக்கியது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களிலே மலைகள் சரிந்து உயிர்களைக் கொண்டுபோயின. கூரையில் மழை விழும் ஓசையைக் கேட்டபடி சரிவின் அடியிலே படுத்திருக்கும் தாய் விழித்திருக்கிறாள் என்றால், அவள் மனம் நோயுற்றிருக்கிறது என்று கூறலாமா? அவள் அறிவு விழித்திருக்கிறது என்பதன்றோ உண்மை? அந்த விழிப்பை மூச்சினாலே தணித்து உறங்கவைப்பது சில வேளை அவளுக்கே தீங்காக முடியும்.

நமது இலக்கியம் இந்த இரவை அறியாததன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே தமிழ்ப் பெண் படும் துயரைப் புதுமைப்பித்தன் 1930களிலேயே 'துன்பக்கேணி'யில் எழுதினார். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் வாழ்வை ஆங்கிலக் கவிதையாக வடித்ததோடு நில்லாது, அவர்களுடைய நாட்டார் பாடல்களையும் தேடித் தொகுத்தார். தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' என்னும் சிறுகதை, ஒற்றை அறைக்குள்ளே வளர்ந்த பிள்ளைகளோடு ஒரு குடும்பம் இரவைக் கழிக்க நேரும் அவலத்தையே கருவாகக் கொண்டது. அங்கே உறக்கம் தனிமனிதனுக்கும் அவன் மனத்துக்கும் இடையிலான விவகாரமாக இல்லை. சுவருக்கும் பாய்க்கும் மனித மானத்துக்கும் இடையிலான விவகாரமாக இருக்கிறது. நூறு மூச்சு நூல்கள் சொல்லாததை அச்சிறுகதை சொல்லிவிடுகிறது. படைப்பிலக்கியத்தின் பயன் என்ன என்று கேட்கும் மாணவர்க்கு இவ்வொப்பீட்டைக் காட்டினாற் போதுமானது.

அந்த அறையிலும் எல்லாருக்கும் ஒரே இரவு வாய்ப்பதில்லை. முற்காலத்திலே விடியுமுன் தப்படித்துத் தொழிலாளரைப் பெரட்டுக் களத்துக்கு அழைத்தார்கள். பெண்ணுக்கோ அந்தத் தப்புக்கு முன்னரே நாள் தொடங்கிவிட்டது. இன்றும் அவள் நான்கு மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, தேத்தண்ணி ஊற்றி, பிள்ளைகளை எழுப்பி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவிலே விட்டுவிட்டு மலைக்கு ஏறவேண்டும். தோட்டம் குறித்த கிலோ எடையை நிறைக்காவிட்டால் அரைப்பேர்தான் விழும். நாட்கூலி 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டபோதும், எடைக்கணக்கு அவளை விட்டுவிடவில்லை. மாலையிலே கொழுந்து நிறுத்து வீடு திரும்பினால் மறுபடியும் அடுப்பு. வீட்டிலே கடைசியாகப் படுப்பவளும் முதலில் எழுபவளும் அவளே. எட்டு மணி ஓய்வு என்று முழக்கமிடும் ஆண் தோழர்களும் தம் வீட்டு அடுப்படியை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நன்று. தோட்ட நிருவாகம் பறித்த உறக்கத்தைப் பற்றிப் பேசும் நாம், நாமே பறிக்கும் உறக்கத்தைப் பற்றிப் பேசாதிருத்தல் நேர்மையாகாது.

ஆண்களிற் பலர் உறக்கத்துக்கு வேறொரு வழி கண்டிருக்கிறார்கள். சாராயமும் கசிப்பும் மலைநாட்டின் மலிவான தூக்க மருந்துகள். மது கண்ணை விரைவிலே மூடச்செய்யும். ஆனால் இரவின் பிற்பாதியிலே உறக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். குடித்தவன் களைப்போடு எழுகிறான். களைப்பைப் போக்க மீண்டும் குடிக்கிறான். இந்த இடத்திலே மூச்சுப் பயிற்சி மதுவைவிட நூறு மடங்கு மேலானது என்பதை ஐயமின்றிச் சொல்வோம். தொழிற்சங்கக் கிளைகளும் வாசிகசாலைகளும் மதுவுக்கெதிராக உபதேசம் செய்வதோடு நில்லாமல், இப்பயிற்சியையும் கற்றுக்கொடுக்கலாம்.

இங்கே சென்னையிலே நடந்த ஓர் ஆய்வைக் குறிப்பிடுதல் அவசியம். பொருளியல் அறிஞர் சிலர், அந்நகரின் குறைந்த வருவாயுள்ள 452 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவுகள் 2021இல் வெளிவந்தன. அவர்கள் இரவிலே எட்டு மணி நேரமளவு படுக்கையில் இருந்தும், உண்மையாக உறங்கியது ஐந்தரை மணி நேரமளவே. அதுவும் அடிக்கடி கலைந்த உறக்கம். கண்மூடி, காதடைப்பான் முதலிய பொருள்களும், அறிவுரையும், ஊக்கத் தொகையும் அளிக்கப்பட்டன. இரவு உறக்கம் 27 நிமிடம் கூடியது. அதனால் அவர்கள் வேலைத்திறனோ அறிவுத்திறனோ மனநலமோ குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்ததா என்றால், இல்லை. ஆனால் வேலை செய்யும் இடத்திலேயே பிற்பகலில் அரை மணி நேரம் அமைதியாக உறங்க இடம் கொடுக்கப்பட்டவர்களிடம் வேலைத்திறனும், கவனமும், மனநலமும் உயர்ந்தன.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் எது? கலைந்த இரவை நீட்டினால் கலைந்த இரவே நீளுகிறது. அமைதியான இடமும் அனுமதிக்கப்பட்ட நேரமும் கிடைத்தால், அரை மணி உறக்கங்கூட மனிதனை மீட்கிறது. எனினும் அந்த அரை மணி வேலை நேரத்திலிருந்து கழிகிறது. இடைவிடாமல் வேலை செய்தவரோடு ஒப்பிட்டால் உறங்கியவரின் வருமானம் குறையவே செய்யும். அந்த இழப்பை யார் ஏற்பது என்ற வினா உடனே எழுகிறது. அது மூச்சைப் பற்றிய வினாவன்று. கூலியைப் பற்றிய வினா.

இப்பொழுது அந்த மண்டபத்துக்கு மீள்வோம். மூன்றாம் வரிசையிலே சாய்ந்து உறங்கிய பெண்மணிக்கு அன்று கிடைத்தது என்ன? மூச்சு முறை அவருக்கு உதவியிருக்கலாம். அதனோடு, பகலிலே, கூலி பிடிக்கப்படாமல், யாரும் அழைக்காமல், புகையில்லாத ஒரு கூடத்தில், காய்ந்த பாயொன்றிலே உட்கார்ந்திருக்கும் உரிமையும் கிடைத்தது. அவர் வாழ்க்கையிலே அது எத்தனை அரிது என்பதை அந்த உறக்கமே சொல்லிற்று. பயிற்சியாளர் தம் முறையின் வெற்றியைக் கண்டார். அப்பாயின் வெற்றியை அவர் காணவில்லை.

"அப்படியானால் சமுதாயம் மாறும்வரை ஏழை உறங்காமலே கிடக்க வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இல்லை என்பதே நம் விடை. பல்வலிக்கு மருந்து கேட்பவனிடம் முதலில் சமத்துவத்தைக் கொண்டுவருவோம் என்று கூறுதல் மடமை. இன்றிரவு உறங்க வேண்டியவருக்கு இன்றிரவே உதவும் ஒரு வழி இருந்தால் அதனைக் கொடுக்கத்தான் வேண்டும். நன்றாக உறங்கியவனே நாளைக்குக் கூட்டத்திலே எழுந்து நின்று தெளிவாகப் பேசுவான். களைத்த மனிதன் கலகம் செய்கிறான் என்று நினைப்பது தவறு. பெரும்பாலும் அவன் தலையசைத்துவிட்டுப் போய்விடுகிறான். ஆகவே மூச்சும் உறக்கமும் போராட்டத்துக்கு எதிரானவை என்று நாம் கருதவில்லை. மூச்சைக் காட்டி அறையை மறைக்கும் எழுத்தையே எதிர்க்கிறோம்.

மூச்சைப் பற்றி நல்லதொரு தமிழ் நூல் எழுதப்பட வேண்டும். அது முறையைத் தெளிவாகச் சொல்லட்டும். அதனால் ஆவதையும் ஆகாததையும் ஒளியாமல் சொல்லட்டும். தன் வாசகன் எத்தனை பேரோடு ஓர் அறையில் படுக்கிறான், எத்தனை மணிக்கு எழுகிறான், அவன் அடுப்புக்குப் புகைபோக்கி உண்டா என்பதையும் அது கேட்கட்டும். சில தோட்டங்களிலே லயங்களுக்குப் பதிலாகத் தனி வீடுகள் எழுந்துள்ளன. அவ்வீடுகளுக்குக் குடிபெயர்ந்தோரின் உறக்கம் எவ்வாறு மாறியது என்று விசாரித்து எழுதினால், அது எந்த யோகியின் அனுபவத்துக்கும் குறையாத பாடமாகும். அத்தகைய நூலை எழுதத் தக்கவர்கள் நம் வாசகர்களாகிய ஆசிரியர்களிடையே இருக்கிறார்கள் என்பது எமது நம்பிக்கை.

ஆசிரியர்களிடம் இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறோம். மலைநாட்டுப் பாடசாலைகளிலே முதற் பாடவேளையில் மேசைமேல் தலை வைத்து உறங்கும் பிள்ளையை நீங்கள் கண்டிருப்பீர்கள். சோம்பேறி என்று அதட்டி எழுப்பியும் இருப்பீர்கள். நாமும் ஒரு காலத்தில் அப்படிச் செய்தவர்களே. அப்பிள்ளை ஒற்றை விளக்கின் கீழ், தொலைக்காட்சிக்கும் அடுப்புக்கும் இடையே, மற்றவர் உறங்கும் வரை காத்திருந்து படித்திருக்கலாம். அல்லது தம்பியின் இருமலுக்கு எழுந்திருந்திருக்கலாம். அல்லது மழைக்குப் பயந்து விழித்திருக்கலாம். பரீட்சைக்கு முன் வகுப்பிலே ஐந்து நிமிடம் மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுங்கள். அது பயன் தரும். பயிற்சி முடிந்ததும், "இரவு எங்கே படுத்தாய், எப்போது எழுந்தாய்?" என்று அன்போடு கேளுங்கள். வகுப்பிலுள்ள அத்தனை பிள்ளைகளின் விடைகளையும் பெயர் குறியாமல் ஒரு தாளிலே எழுதிப் பெற்றோர் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். அதன் பிறகு அந்தத் தாளைத் தோட்ட நிருவாகத்திடமும் பிரதேச சபையிடமும் கொண்டு செல்வது பெற்றோர் வேலை. அவர்களோடு கூடச் செல்வது நம் வேலை.